உட்கார்ந்தபடியே உடல்தகுதி

தீயணைப்புத் துறைக்கென்று தனியாக ஓர் உடல்தகுதி இயக்ககம் தொடங்கப்பட்ட நாளில், அதன் இயக்குநர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். விழா நடக்கவிருந்த கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டி, இரண்டாவது மாடியைத் தொடாமல், நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இயக்குநரும் இரண்டு துணை இயக்குநர்களும் பூங்கொத்தோடு ஓர் உதவியாளரும். மற்ற விருந்தினர்கள் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, லிஃப்ட் சரியாகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். படிக்கட்டு பக்கத்திலேயேதான் இருந்தது. ஆனால் அதன் மேல் படிக்கொன்றாகப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்ததால் யாருக்கும் அது ஏறுவதற்கான பொருள் என்று தோன்றவில்லை.

அருகிலிருந்த நிலையத்துக்குத் தகவல் போயிற்று. சிவப்பு வண்டியிலிருந்து கடப்பாரையோடு இருவர் இறங்கினார்கள். ஒருவர் ஏணிக்காரர். ஏணியைச் சாய்ப்பதும் பிடிப்பதும் முதல் ஆளாக ஏறுவதும் அவர் வேலை. இன்னொருவர் குழாய்க்காரர்; தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு நேரே நிற்பவர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாற்பது தாண்டியும் 'டா' போட்டுப் பேசிக்கொள்பவர்கள். சேர்ந்த புதிதில் ஒல்லிக்குச்சிகளாக இருந்த இருவருக்கும் இப்போது ஆளுக்கொரு தொப்பை.

பூந்தொட்டிகளை ஒதுக்கிவிட்டு இரண்டு மாடி ஏறி, கதவை நெம்பித் திறந்து, இயக்குநரைக் கைகொடுத்து மேலே இழுத்துவிட்டார்கள். அதற்குள் ஏணிக்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. குழாய்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் கோட்டைத் தட்டிச் சரிசெய்துகொண்டே அவர்களை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. நன்றி சொல்லப்போகிறார் என்று ஏணிக்காரர் நினைத்தார். லிஃப்ட் மறுபடி ஓடி விருந்தினர்கள் மேலே வந்து சேர்ந்ததும், இயக்குநர் இருவர் தோளிலும் கைபோட்டு, அப்படியே மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இந்த இயக்ககம் எதற்கு என்று கேட்டவர்கள் இந்த இரண்டு பேரையும் பாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் தொடங்கினார். "இரண்டே மாடி! எப்படி மூச்சு வாங்குகிறார்கள் பாருங்கள். இவர்களா நம்மைக் காப்பாற்றப் போகிறார்கள்?"

பத்து நிமிடத்துக்கு முன்னால் அவரைக் காப்பாற்றியது அவர்கள்தான் என்பது கூட்டத்தில் யாருக்கும் நினைவில்லை. கைதட்டினார்கள். குழாய்க்காரரும் பழக்கதோஷத்தில் சேர்ந்து தட்டினார்.

"நமது துறையின் உயிர்மூச்சு வேகம்" என்றார் இயக்குநர். "மணி அடித்தால் வண்டி பறக்கிறது. ஆனால் உடம்பைத் தேற்ற மட்டும் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஓடச் சொல்கிறோம். பயிற்சிக் கோபுரம் ஏறச் சொல்கிறோம். வருஷக்கணக்கில் இதே கதை. நெருப்பு வருஷக்கணக்கில் காத்திருக்குமா? இனிமேல் உடல்தகுதியும் வேகமாக வரும். வியர்வை என்பது பழைய தொழில்நுட்பம்!"

அந்த வாரமே காலைப் பயிற்சி ரத்தானது. உண்மையில் அது ஏற்கெனவே பாதி செத்துப்போயிருந்தது. ஓடவேண்டிய நேரத்தில் பெரும்பாலோர் டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினார்கள். ஏணிக்காரரும் அதில் ஒருவர்தான். ரத்து என்று தெரிந்ததும் நிலையத்தில் எல்லோருக்கும் மனதுக்குள் சந்தோஷம். அவருக்கும்தான்.

முதலில் தூள் வந்தது. கொழுப்புக் கரைப்புத் தூள் என்று பெயர். மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதில் வைக்க இடமில்லாமல், நிலையத்துக்குப் பின்னால் பயிற்சிக்காகக் கட்டியிருந்த ஐந்து மாடிக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் அடுக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு கரண்டி, வெந்நீரில். குடித்தவர்களுக்கு வயிறு கலக்கியது. ஒரு நாள் மணி அடித்தபோது வண்டியில் ஏறவேண்டிய ஆறு பேரில் மூன்று பேர் கழிவறையில் இருந்தார்கள். நல்லவேளை, எரிந்தது குப்பைத்தொட்டி. நிலைய அதிகாரி நடந்ததை நடந்தபடி இயக்ககத்துக்கு எழுதினார். 'தூள் வேலை செய்யத் தொடங்கிவிட்டதை அறிந்து மகிழ்கிறோம்' என்று பதில் வந்தது.

நிலைய அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. எதைக் கேட்டாலும் மேல்கூரையைச் சுட்டிக்காட்டி, "மேல இருந்து வந்திருக்குப்பா" என்பார். அந்தக் கட்டடத்துக்கு மேல்மாடி கிடையாது.

தூளுக்குப் பின்னால் வந்தது அதிர்வுப் பட்டை. இடுப்பில் கட்டிக்கொண்டு மின்சாரத்தில் செருகினால் உடம்பு குலுங்கும். பட்டையோடு ஒரு சின்னப் பெட்டி. எவ்வளவு தூரம் நடந்ததற்குச் சமம் என்று அதில் எண் ஓடும். 'உட்கார்ந்தபடியே உடல்தகுதி' என்று அட்டையில் அச்சடித்திருந்தது. குழாய்க்காரருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தொலைக்காட்சிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டபடியே ஊரை நாலு சுற்றுச் சுற்றிவிடுவார். டீ குடிக்க எழுந்துபோகும்போது பட்டையைக் கழற்றி மேஜையின் காலில் கட்டிவிட்டுப் போவார். மேஜையும் நடந்தது. மாதக் கடைசியில் மேஜை நடந்ததும் அவர் கணக்கிலேயே சேர்ந்தது. வட்டாரத்திலேயே முதல் இடம் என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது.

"வீட்டுக்குக் கொண்டு போகாதடா. மேஜை கோவிச்சுக்கும்" என்றார் ஏணிக்காரர்.

"போடா. என் வீட்டுல இதுவரைக்கும் சட்டம் போட்டு மாட்ட ஒண்ணுமே இருந்ததில்ல. பொண்ணுங்க பார்க்கட்டுமே" என்று சொல்லிக் குழாய்க்காரர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் ஒரு மூன்று மாடி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மாடிச் சமையலறையில் புகை. உள்ளே ஒரு பெண் மயங்கிக் கிடக்கிறாள். முதல் ஆளாக ஏணிக்காரர் படியேறினார். முதுகில் காற்று சிலிண்டர், கையில் கோடாலி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. கைப்பிடியில் சாய்ந்து நின்றார். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மேலேயிருந்து யாரோ இறங்கிவந்தார். மூன்றாவது மாடியிலேயே குடியிருக்கும் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க, அந்தப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு, இருமி இருமி இறங்கினார். ஏணிக்காரரைத் தாண்டும்போது நின்று, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"அண்ணே, கொஞ்சம் இருங்க. இவங்கள விட்டுட்டு வந்து உங்களத் தூக்கறேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் ஏணிக்காரர் சாப்பிடவில்லை. அவர் மனைவி பழைய சீருடைக் கால்சட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் இடுப்புத் தையலைப் பிரித்துவிடுவது அவள் வேலை.

"இதுல இனிமே பிரிக்கத் துணி இல்லீங்க. உங்க வயித்துலதான் எங்கயாவது தையல் இருக்கான்னு பார்க்கணும்" என்றாள். வழக்கமாக இதற்கு அவர் சிரிப்பார். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கால்சட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். தையல்காரர் சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் பயிற்சிக் கோபுரத்துக்குப் போனார். தூள் மூட்டைகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி நுழைந்து ஏறத் தொடங்கினார். இரண்டாவது மாடியோடு சரி. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் தொடை வலியில் படுக்கையிலிருந்து எழ, மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் போகவில்லை. பிறகு மறுபடி போனார். ஒரு வாரம் போவார், மழை வந்தால் மூன்று நாள் நின்றுவிடுவார். நின்ற மூன்று நாளுக்கு உடம்பு ஆறு நாள் தண்டனை கொடுத்தது. முழங்கால் வீங்கி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தேய்த்து, மறுபடி முதல் மாடியிலிருந்து ஆரம்பித்தார். மாதங்கள் ஓடின. மூன்றாவது மாடி அவருக்குப் பல வாரங்கள் எதிரியாகவே இருந்தது. ஒரு நாள் அங்கே நிற்காமல் போய்விட்டதை நான்காவது மாடிக்குப் போன பிறகுதான் கவனித்தார். யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. அங்கே ஒரு புறா மட்டும் இருந்தது.

குழாய்க்காரரைக் கூப்பிட்டார். ஒருமுறை அல்ல, பலமுறை.

"வாடா. ஒரு மாடி ஏறு. போதும். நாளைக்கு இன்னொண்ணு."

"எனக்கெதுக்குடா? நான்தான் முதல் தரமாச்சே."

"உனக்கே தெரியும்ல, அது மேஜை நடந்ததுன்னு."

"தெரியும்" என்றார் குழாய்க்காரர். "ஆனா மாசாமாசம் பாராட்டு வந்துக்கிட்டே இருக்கா, ஒரு வேளை உடம்பு நிஜமாவே தேறிடுச்சோன்னு எனக்கே தோணுது. நீ ஏறு. அடுத்த மாசம் நானும் வர்றேன்."

அடுத்த மாதம் இறுக்குச் சட்டை வந்தது. இயக்ககம் வைத்த பெயர் 'தகுதிக் கவசம்'. தடித்த ரப்பர் துணியில் தைத்தது. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை கொக்கிகள். இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க மூன்றாமவர் கொக்கி போடவேண்டும். போட்டதும் தொப்பை காணாமல் போய்விடும். எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. போட்டவருக்கு மட்டும் தெரியும், நெஞ்சுக்குள் போயிற்று என்று. கூடவே வந்த கையேட்டில், 'அணிந்த பிறகு மூச்சு முட்டுவது, உடல் தகுதியடைந்து வருவதன் அறிகுறி' என்றிருந்தது. தேர்வும் மாறியது. ஏறவேண்டாம், ஓடவேண்டாம், கவசம் அணிந்து அளவு நாடாவுக்கு முன்னால் நின்றால் போதும். ஒரே வாரத்தில் நிலையமே தேறியது. முதல் மதிப்பெண் குழாய்க்காரருக்கு.

தேறாதவர் ஒருவர்தான். ஏணிக்காரருக்கு இடுப்பு நிஜமாகவே இளைத்திருந்ததால் கவசம் தொளதொளத்தது. 'கவசம் பொருந்தாத உடல்' என்று குறிப்பு எழுதினார்கள். அதோடு, அவருடைய அதிர்வுப் பட்டையில் ஓடிய தூரம் சுழியம். விளக்கம் கேட்டு இயக்ககத்துக்கு அழைத்தார்கள்.

லிஃப்ட் சம்பவத்துக்குப் பிறகு இயக்ககம் தரைத்தளத்துக்கு மாறியிருந்தது. இயக்குநர் மேஜைக்குப் பின்னால் கவசம் அணிந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வாக்கியத்துக்கு நடுவில் நின்று நின்று மூச்சு எடுத்தார்.

"பட்டை கட்டலை. தூள் குடிக்கலை. என்னதான் செஞ்சீங்க?"

"மாடி ஏறினேன் சார். கோபுரத்துல. தினமும்."

"யார் அனுமதி கொடுத்தா?"

"அது ஏறறதுக்குத்தானே சார் கட்டினது?"

"இப்ப அது கிடங்கு. கிடங்குல ஏறி இறங்கினது முதல் குற்றம்." மூச்சு எடுத்தார். "சரி, ஏறினீங்கன்னு எந்தக் கருவி சொல்லுது?"

"கருவி இல்ல சார். நான்தான் ஏறினேன்."

"அதைத்தான் கேக்கறேன். நீங்க ஏறினதுக்கு நீங்களே சாட்சியா இருக்க முடியுமா?"

"வேணும்னா இப்பவே ஏறிக் காட்டறேன் சார். இந்தக் கட்டடத்துல மாடி இருக்கே" என்றார் ஏணிக்காரர்.

இயக்குநருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மாதிரி வேலையெல்லாம் இங்க வேணாம். இது உடல்தகுதி அலுவலகம்!" பிறகு குரலைத் தணித்து, பிள்ளைக்குப் புரியவைப்பதுபோலச் சொன்னார்: "பாருங்க. ஒரு வருஷம் கஷ்டப்பட்டாத்தான் உடம்பு தேறும்னு நீங்க காட்டிட்டா, ஒரு வாரத்துல தேறின ஆயிரம் பேரு என்ன ஆவாங்க? அவங்க மனசு புண்படாதா? நான் ஒருத்தரோட உடம்பைப் பார்க்கறதா, ஆயிரம் பேரோட மனசைப் பார்க்கறதா?"

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. ஏணிக்காரர் உடல்தகுதி அற்றவர். இனி அவர் கட்டடங்களுக்குள் போகக்கூடாது. கீழே வண்டியோடு நின்று தண்ணீர் விசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஆளாக ஏறுவது, முதல் தரச் சான்றிதழ் பெற்ற குழாய்க்காரர்.

"மேல இருந்து வந்திருக்குப்பா" என்றார் நிலைய அதிகாரி. அன்று அவர் கூரையைக் காட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கும் விடுதியில் தீப்பிடித்தது ஒரு பிற்பகல் வேளையில். ஆறு மாடிக் கட்டடம். ஐந்தாவது மாடியில் துணி வெளுக்கும் அறை, அங்கேதான் மின்கசிவு. தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். துணி மடிக்கும் பெண் ஒருத்தி மட்டும் வரவில்லை என்று விடுதிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்.

குழாய்க்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். சீருடைக்குள் கவசம், முதுகில் சிலிண்டர், தோளில் குழாய்ச்சுருள். கூட இன்னும் இரண்டு பேர். ஏணிக்காரர் அவர் கையைப் பிடித்தார்.

"கொக்கியையாவது கழட்டிட்டுப் போடா."

"கழட்டினா சட்டை பட்டன் போடவராது. உள்ள வயிறு இன்னும் அங்கேயேதான் இருக்கு" என்று கண்ணடித்துவிட்டுக் குழாய்க்காரர் உள்ளே போனார்.

ஏணிக்காரர் வண்டியருகே வாக்கி டாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்று, இரண்டு என்று மாடி எண்களைக் குழாய்க்காரர் சொல்லிக்கொண்டே போனார். மூன்று என்று சொல்ல வெகுநேரம் எடுத்தது. அதற்குப் பிறகு எண் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. ரம்பம் மரத்தில் மாட்டிக்கொண்டு இழுபடுவதுபோல. நடுவில் ஒருமுறை, "ஆளு... தெரியுது..." என்றார். பிறகு மூச்சும் நின்றுநின்று வந்தது.

"நான் போறேன்" என்றார் ஏணிக்காரர்.

"உனக்கு அனுமதி இல்லப்பா" என்றார் நிலைய அதிகாரி. சொல்லிக்கொண்டே தன் கையிலிருந்த முகமூடியை அவரிடம் நீட்டினார்.

ஏணிக்காரர் ஏறினார். மூன்றாவது மாடியில், கூடப் போன இருவரும் படியில் உட்கார்ந்து ஒருவர் கவசத்தை ஒருவர் அவிழ்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். தாண்டி ஏறினார். கால்கள் தாமாகவே போயின. ஐந்தாவது மாடியில் புகைக்குள் முழங்காலில் தவழ்ந்து போனார். வெளுக்கும் அறை வாசலில் குழாய்க்காரர் சுவரோடு சாய்ந்து கிடந்தார். வலது கை சட்டைக்குள் நுழைந்து கொக்கியைப் பிடித்திருந்தது. இரண்டடி தள்ளி அந்தப் பெண் குப்புறக் கிடந்தாள். முதுகு ஏறி இறங்கியது. குழாய்க்காரர் தன் முகமூடியைக் கழற்றி அவள் முகத்தில் வைத்திருந்தார்.

ஏணிக்காரர் கத்தியை எடுத்து, கவசத்தை மேலிருந்து கீழாகக் கிழித்தார். உள்ளே அடைத்துவைத்திருந்த வயிறு வெளியே சரிந்தது. குழாய்க்காரர் கண்ணைத் திறந்தார்.

"வந்துட்டியா... எந்த மாடிடா இது?"

"அஞ்சு."

"பரவாயில்லையே..." என்றார். பிறகு அந்தப் பெண் பக்கமாகக் கையை அசைத்தார். "அவளை முதல்ல."

"ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போயிடறேன்."

"முடியாது. போயிட்டு வா. இங்கேதானே இருக்கப்போறேன்."

ஏணிக்காரர் அந்தப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் நீண்ட கைகளில் அவளைக் கொடுத்துவிட்டு, நிற்காமல் திரும்ப ஏறினார். இந்தத் தடவை ஒவ்வொரு மாடியாகத் தன்னையறியாமல் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினார். ஐந்தாவது மாடிக்குப் போனபோது குழாய்க்காரர் அவர் விட்டுப்போன இடத்திலேயே இருந்தார். கண் திறந்திருந்தது. ஏணிக்காரர் அவரையும் தோளில் போட்டுக்கொண்டார். இறக்கிவைக்கும்வரை வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே வந்தார் என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள். உயிர் போனது புகையால் அல்ல, மாரடைப்பு என்றார் மருத்துவர்.

விசாரணைக்கு இயக்குநரே வந்தார். மருத்துவர் எழுதியதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"முதல் தரச் சான்றிதழ் பெற்றவருக்கு மாரடைப்பு வர விதிகளில் இடமே இல்லையே" என்றார் ஏணிக்காரரிடம். அவர் குரலில் இருந்தது துக்கமா, குற்றச்சாட்டா என்று சொல்வது கடினம். இறந்தவர் விதியை மீறிவிட்டார் என்பதுபோலப் பேசினார். "இதுக்கு ரெண்டே விளக்கம்தான். ஒண்ணு, அவர் மோசடி பண்ணிச் சான்றிதழ் வாங்கியிருக்கணும். மேஜையில பட்டையக் கட்டினாராமே, எனக்கும் காதுல விழுந்தது. அப்படின்னா குடும்பத்துக்கு ஓய்வூதியம் கிடையாது. ரெண்டாவது, முழு உடல்தகுதியோட இருந்தவர், புகையால வீரமரணம் அடைஞ்சிருக்கணும். அப்படின்னா எல்லாம் உண்டு. விருதும் உண்டு. கடைசியா அவரைப் பார்த்தவர் நீங்கதான். கவசம் நல்லபடியா வேலை செஞ்சுதுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, ரெண்டாவது."

"அதைக் கிழிச்சதே நான்தான் சார். அது அவன் மூச்சை..."

"அப்ப முதலாவது" என்றார் இயக்குநர். பேனாவை மூடப் போனவர், ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார். "உங்களோட சங்கடம் புரியுது. தகுதியில்லாதவர் அஞ்சு மாடி ரெண்டு தடவை ஏறினதும் விதிக்கு ஒத்துவராது. அதையும் சரிபண்ணிடலாம். உங்களுக்கு முன்தேதியிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்துடறேன்."

ஏணிக்காரர் எழுந்து, நேரே குழாய்க்காரர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் பெண் குழந்தைகள் இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். குழாய்க்காரரின் மனைவி அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவர் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க சொல்ற மேஜைக் கதை எனக்குத் தெரியும்ணே. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றாள் அவள். "ஆனா சாகும்போது அவரு ஏமாத்தலையே. அஞ்சு மாடி ஏறினாரே. அவரு கால்லதானே ஏறினாரு?"

"ஆமாம்மா. அவன் கால்லதான்."

"அப்புறம் அவரை மோசடிக்காரர்னு எழுதிட்டாங்கன்னா, இந்தப் புள்ளைங்க எந்த முகத்தோட வெளிய போவும்? எனக்கு உண்மை வேணும்தான். ஆனா உண்மையை வச்சுக்கிட்டு இதுங்களுக்கு நான் என்னத்தைப் போடறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டுருங்கண்ணே. ஆனா அவங்க விருதுன்னு எதையாவது கொடுத்தா, அதை இங்க கொண்டு வராதீங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

ஏணிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்களில் ஊர்ச் சுவரெல்லாம் ஏணிக்காரர் படம். ஓவியன் வரைந்த, கவசம் அணிந்த மார்பு, அதன் மேல் அவருடைய தலை. 'ஐந்து மாடி, இரண்டு முறை! தகுதிக் கவசத்தின் வெற்றி!' அவரைச் சுவரில் பார்த்த அவர் மனைவி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்துபோனாள்.

இயக்ககத்தின் இரண்டாம் ஆண்டு விழாவைத் திடலில், மூன்றே படிகள் வைத்த மேடையில் நடத்தினார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழாய்க்காரரின் நினைவாக எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாதிப் பேருக்குக் கவசம் காரணமாகச் சட்டென்று எழ முடியாததால் மௌனம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பிறகு இயக்குநர் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், கவசம் அணிந்தவர் ஏன் இறந்தார் என்று. நான் திருப்பிக் கேட்கிறேன்: அணியாமல் இருந்திருந்தால் அவர் அந்த ஐந்தாவது மாடிக்குப் போயிருப்பாரா? அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே நாம்தான்!"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு ஏணிக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். அவருக்கென்று சின்ன அளவில் தைத்த கவசத்தைச் சீருடைக்கு மேலே மாட்டிவிட்டார்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியை அவர் வாயருகே நீட்டினார்.

"சொல்லுங்க! இந்த உடம்பைக் கொண்டுவர எவ்வளவு நாள் ஆச்சு?"

ஏணிக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். முன் வரிசையில் குழாய்க்காரரின் மனைவிக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் எதையும் மறுத்துப் பேசியதில்லை. இந்த ஒன்றையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஒரு வருஷம்" என்றார். "ஒரு வருஷத்துக்கு மேலயே ஆச்சு. இன்னும் முடியல. தினமும் ஏறணும். ரெண்டு நாள் விட்டா..."

அறிவிப்பாளர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வாரம்!" என்று முழங்கினார். "கேட்டீர்களா? ஒரே வாரம்!"

திடல் அதிர்ந்தது. மேடையின் ஓரத்தில் கவசம் வழங்கும் மேஜை முன்னால் வரிசை கூடிவிட்டது. தன் கையாலேயே வழங்கவேண்டும் என்று ஏணிக்காரரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய நிலையத்து ஆள் ஒருவரே முன்னால் வந்து நின்றார். குழாய்க்காரரின் இடத்துக்கு அன்றுதான் வந்திருக்கும் புதியவர். முப்பது வயதுதான் இருக்கும். மேடையின் மூன்று படி ஏறியதற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சுவரொட்டியில் பார்த்த முகத்தை நேரில் பார்க்கும் பூரிப்போடு இரண்டு கையையும் நீட்டினார்.

ஏணிக்காரர் கவசத்தைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தார்.

"நாளைக்கு விடியக்காலையில கோபுரத்துக்கு வா தம்பி. யாருக்கும் சொல்லாத. ஒரு மாடி ஏறினாப் போதும்."

புதியவர் புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு கவசத்தை மரியாதையாக, ஆனால் இறுக்கமாகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே? அதான் ஒரு வாரம்னு நீங்களே சொல்லிட்டீங்களே."